படமெடுத்த சுவடிக்குப் பெயரும் எழுதி வையுங்கள்

தமிழ்நாட்டுச் சுவடி நூலகங்கள், மடங்கள், ஆதீனங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். பூசை, சடங்கு முறைகளைச் சொல்லும் சைவ பத்ததி நூல்களைப் படித்துவரும் ஆய்வு மாணவன் நான். கரையானிடமிருந்து ஓலைகளைக் காப்பாற்றி, எண்ணெய் பூசி, ஏடு ஏடாகப் படமெடுத்து வைத்திருக்கிறீர்கள். அதற்கு முதலில் நன்றி. ஆனால் எடுத்த படங்களில் வேண்டிய நூலைக் கண்டுபிடிக்கத்தான் முடியவில்லை.

அண்மையில் அகோர சிவாசாரியாரின் கிரியாக்கிரமத்யோதிகாவுக்கு ஒரு பழைய பிரதி தேடினேன். 12ஆம் நூற்றாண்டு நூல். இன்றும் சிவன் கோயில் பூசைக்கு வழிகாட்டுவது. ஒரு நூலகத் தளத்தில் தமிழிலும் தட்டினேன், ஆங்கில எழுத்தில் மூன்று விதமாகவும் தட்டினேன், ஒன்றும் வரவில்லை. அப்புறம் கட்டுக் கட்டாகத் திறந்து பார்த்ததில், ‘சோதிடம்’ என்று பெயரிட்ட கட்டின் நடுவில், தமிழ்நாட்டில் வடமொழி எழுதப் பயன்பட்ட கிரந்த எழுத்தில் அந்த நூல் கிடந்தது. முதல் ஏட்டைப் பார்த்து மொத்தக் கட்டுக்கும் பெயர் வைத்துவிட்டார்கள். ஒரே கட்டில் நாலைந்து நூல் கோத்திருப்பது சுவடியில் சாதாரணம் என்பது உங்களுக்குத் தெரியாததா?

படத்தில் ஏட்டின் ஓரமும் வெட்டுப்பட்டிருந்தது. ஏட்டெண் இருப்பது ஓரத்தில்தான். அது போனால் ஏடு இடம் மாறிக் கோத்திருக்கிறதா என்று எப்படிச் சொல்வது? கடைசி ஏட்டைத் தேடினேன், அதைப் படமே எடுக்கவில்லை. ஏட்டைப் படியெடுத்து எழுதியவர் பெயரும் எழுதிய ஆண்டும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ‘விகாரி வருஷம்’ என்று மட்டும் இருந்தால் அது 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும் பெயர். பக்கத்தில், தொடர்ச்சியாக எண்ணிவரும் சக ஆண்டோ (சகாப்தம்) கொல்லம் ஆண்டோ இருந்தால் காலமே கைக்குக் கிடைத்துவிடும். அந்த ஒரு வரியை அட்டவணையில் ஏற்றுங்கள்.

முடியாத காரியத்தைக் கேட்கவில்லை. புதுச்சேரியின் சைவச் சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் ஏறின. அங்குள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் ஓலைகளிலிருந்து எழுதுவித்த காகிதப் படிகள் ஆயிரத்துக்கு மேல். முக்தபோத மின்னூலகத்தில் அவற்றைப் பார்க்கலாம். படியின் எண்ணைச் சொன்னால் எந்த ஊரில் இருப்பவரும் அதே படியைத் திறந்து ஒப்பிடலாம்.

இன்னொன்று. 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகம் இணையத் தாக்குதலுக்கு ஆளானபோது, அங்கே மின்னுருவாக்கிய கையெழுத்துச் சுவடிகளை மாதக்கணக்கில் பார்க்க முடியாமல் போனது. அவ்வளவு பெரிய நூலகத்துக்கே அந்தக் கதி. தயவுசெய்து படங்களின் நகலை வேறொரு இடத்திலும் கொடுத்து வையுங்கள்.

தீட்சை பெறாதவர் பார்க்கக் கூடாது என்று நீங்கள் கருதும் ஏடுகள் இருக்கலாம். சரி, படத்தை மூடியே வையுங்கள். நூலின் பெயரையாவது அட்டவணையில் காட்டுங்கள்; வேண்டியவர்கள் நேரில் வந்து முறைப்படி கேட்டுக்கொள்வோம்.

ஆள் இல்லை என்றால் கூப்பிடுங்கள். கிரந்தம் படிக்கத் தெரிந்த நண்பர்கள் சிலர் இருக்கிறோம். கட்டை அவிழ்த்து, உள்ளே என்னென்ன நூல் இருக்கிறது என்று உட்கார்ந்து எழுதித் தருகிறோம்.

அன்புடன்,
ஒரு சுவடி ஆய்வு மாணவன்