மேலாளருக்கு உன்னைப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் பற்றி

அன்புள்ள தம்பிக்கு,

சென்ற வாரம் நீ தொலைபேசியில் "மேலாளருக்கு என்னைப் பிடிக்கலம்மா" என்று சொன்னாய் அல்லவா, அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றியே இந்தக் கடிதம். கவலைப்படாதே என்று சொல்லி முடித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அப்படிச் சொன்னால் உன் கவலை தீராது, அதை என்னிடம் சொல்லாமல் மறைக்கத்தான் பழகிக்கொள்வாய்.

கடலோர ஊரான மண்டபத்தில் வளர்ந்தவன் நீ. கடலுக்குப் போன வள்ளம் சொன்ன நேரத்துக்குக் கரை சேராவிட்டால், வீட்டிலிருப்பவர்களுக்குத் தெரிந்தது வள்ளம் பிந்துகிறது என்பது மட்டுமே. ஏதோ ஆகிவிட்டது என்பது மனம் சேர்த்துக்கொள்வது. அடிவயிற்றைக் கலக்குவது இந்த இரண்டாவதுதான். சில நாள் அதுவே உண்மையாகியும் இருக்கிறது என்பதால், மனம் பொய்தான் சொல்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. விசாரிக்காமல் நம்பிவிடாதே என்கிறேன்.

அமெரிக்காவைச் சேர்ந்த பைரன் கேட்டி என்ற பெண்மணி, பல ஆண்டுகள் மனச்சோர்வில் கிடந்து 1986-இல் அதிலிருந்து மீண்டவர், இதற்கென்றே நான்கு கேள்விகளை வகுத்திருக்கிறார். இது உண்மையா? உண்மை என்று உறுதியாகச் சொல்ல முடியுமா? இதை நம்பும்போது எனக்கு என்ன நேர்கிறது? இந்த எண்ணம் இல்லாவிட்டால் நான் எப்படி இருப்பேன்? இவற்றை மனத்துக்குள்ளேயே கேட்டுக்கொண்டால், ஒரு கேள்விக்குப் பதில் வருவதற்குள் மனம் பத்துக் கவலைக்குத் தாவிவிடும். ஆகையால் தாளை எடுத்து, கையால் எழுதிக் கேள்.

உன் வாக்கியத்தையே எடுத்துக்கொள்வோம். முதல் கேள்விக்கு "ஆம்" என்றுதான் எழுதுவாய், எழுதிக்கொள். இரண்டாவது கேள்விக்கு உன்னிடம் என்ன சான்று இருக்கிறது? நீ அனுப்பிய அறிக்கைக்கு அவர் ஒற்றை வரியில் பதில் போட்டார். கூட்டத்தில் வேறொருவரைப் பேசச் சொன்னார். நடந்தவை இவ்வளவே. பிடிக்கவில்லை என்பது அவர் வாயிலிருந்து வரவில்லை. மூன்றாவது கேள்வியில்தான் நீ நிறைய நேரம் நிற்க வேண்டும் என்பது என் எண்ணம்: சோறு இறங்குவதில்லை, நடுராத்திரியில் எழுந்து கைபேசியைப் பார்க்கிறாய், அலுவலகத்தில் தெரிந்த பதிலைக்கூடச் சொல்லாமல் வாயை மூடிக்கொள்கிறாய் என்று நீயே சொன்னாய். இத்தனையையும் உனக்குச் செய்தது அவரா, அந்த வாக்கியமா? நான்காவதற்கு நீதான் பதில் எழுத வேண்டும். அதன்பின் வாக்கியத்தைத் திருப்பிப் போட்டுப் பார்க்கச் சொல்கிறார் கேட்டி: "எனக்கு மேலாளரைப் பிடிக்கவில்லை", "எனக்கு என்னையே பிடிக்கவில்லை". பழியை உன் தலையில் போட்டுக்கொள்வதற்காக அல்ல. எந்த வாக்கியத்தில் உண்மை கூடுதலாக இருக்கிறது என்று பார்ப்பதற்காக.

நம் பக்கத்துக்கு இது புதிதும் அல்ல. பழைய ராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த திருச்சுழியில் 1879-இல் பிறந்த ரமணர், எழும் ஒவ்வொரு எண்ணத்தையும் "இது யாருக்குத் தோன்றியது?" என்று கேட்கச் சொன்னார். "எனக்கு" என்று பதில் வந்தால், "அந்த நான் யார்?" என்பது அடுத்த கேள்வி. கேட்டி எண்ணத்தைச் சோதிக்கிறார். ரமணர் எண்ணுகிறவனையே தேடச் சொல்கிறார். அது ஆழமான வழி, உனக்கு அது கூடும் காலத்தில் கூடட்டும். இப்போதைக்கு எண்ணத்தைச் சோதித்தாலே போதும்.

எழுதுவதால் என்ன ஆகிவிடும் என்று கேட்பாய். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர், கல்லூரி மாணவர்களைத் தங்கள் வாழ்வின் பெரிய வேதனைகளைப் பற்றித் தொடர்ந்து 4 நாட்கள், நாளுக்கு 15 நிமிடம் எழுதச் செய்து, 1986-இல் முடிவுகளை வெளியிட்டார். எழுதிய நாட்களில் அவர்கள் மனம் கனத்துத்தான் இருந்தது. ஆனால் நடந்ததையும் அதனால் பட்ட வேதனையையும் சேர்த்து எழுதியவர்கள், பின்வந்த மாதங்களில் மருத்துவரை நாடியது குறைந்தது. முதல் நாளே பாரம் இறங்காவிட்டால் விட்டுவிடாதே என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

எழுத்து வராத நாளில் படம் வரை. சின்ன வயதில் கணக்கு நோட்டின் பின்பக்கமெல்லாம் வள்ளமும் பாயுமாக வரைந்தவன் நீ. சாயல்குடியில் உன் பெரியம்மா, குருத்தோலையைக் காயவைத்து, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் கிழித்து, சாயமேற்றிப் பெட்டி முடைகிறாள். ஓர் ஓலை மேலே, ஓர் ஓலை கீழே என்று பார்த்துப் பார்த்து முடையும்போது வீட்டுக் கவலையும் கூடவே இருக்கத்தான் செய்கிறது, ஆனால் ஆட்டிப்படைப்பதில்லை என்று அவளே சொல்வாள். அந்த மேலாளரை நீ எப்படி நினைக்கிறாயோ அப்படியே வரை. பக்கத்தில் உன்னையும் வரை. அழகாக வர வேண்டியதில்லை. யார் எவ்வளவு பெரிதாக வந்திருக்கிறார்கள் என்று பார்த்து, அந்த அளவு சரிதானா என்று அதே கேள்விகளைக் கேள்.

உண்மையிலேயே உனக்கு அநியாயம் நடந்தால் நோட்டோடு உட்கார்ந்திராதே. எழுத்தில் புகார் கொடு. தூக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தால் மனநல மருத்துவரைப் பார். 14416 என்ற அரசின் இலவச எண்ணில் எந்நேரமும் பேசலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எழுதியதை எனக்கு அனுப்ப வேண்டாம், அது உன்னுடையது. படத்தை மட்டும், மனமிருந்தால், அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது நான்காவது கேள்விக்கு என்ன எழுதினாய் என்று கேட்பேன்.

அன்புடன்,
அம்மா