மீன்பிடிப் படகுத் திட்டங்களை வகுக்கும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

போன வாரம் எங்கள் துறைமுகத்தில் முகாம் நடத்தி, டீசலைச் சிக்கனமாகப் பயன்படுத்தச் சொல்லி ஒரு துண்டறிக்கை கொடுத்தார்கள். வேகத்தைக் குறையுங்கள், படகின் அடிப்பகுதியைச் சுத்தமாக வையுங்கள் என்று அதில் இருந்தது. இரண்டும் சரிதான். அடியில் கொட்டலசு என்கிற சிப்பி போன்ற கடல் உயிரி ஒட்டிய படகு எப்படித் திணறும் என்று எங்களுக்கும் தெரியும். ஆனால் எங்களால் தனியாகச் செய்துகொள்ள முடியாததைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

விசைப்படகுக்கு இன்ஜின் வாங்கினால், படகைத் தள்ளும் விசிறியான ப்ரொப்பல்லரை எத்தனை அங்குல விட்டத்தில், எந்தப் பிட்ச்சில் (ஒரு சுற்றுக்கு அது முன்னேறும் தூரம்) போடுவது என்று கணக்குப் போட்டுத் தர இங்கே ஆள் இல்லை. பக்கத்துப் படகில் என்ன இருக்கிறதோ அதையே நாங்களும் போடுகிறோம். இழுவைமடிப் படகு மடியை, அதாவது பெரிய பை போன்ற வலையை, இழுக்கும்போது மெதுவாகத்தான் போகும், ஆனால் பெரிய பாரத்தை இழுக்கும். அதற்கு விட்டம் பெரிதான ப்ரொப்பல்லர் மெதுவாகச் சுற்ற வேண்டும், கியர் பாக்ஸின் விகிதமும் அதற்கேற்ப அமைய வேண்டும். ப்ரொப்பல்லரைச் சுற்றி நாசில் என்கிற வளையத்தைப் பொருத்தினால் அதே டீசலில் இழுவை கூடும். இவையெல்லாம் பல வருடங்களாகத் தெரிந்த விஷயங்கள். எங்கள் படகுகளோ பொருந்தாத ப்ரொப்பல்லரோடு இன்னும் கரும்புகை கக்கிக்கொண்டு மடி இழுக்கின்றன.

இந்தச் சுமை யார் தலையில் விழுகிறது என்று பாருங்கள். ஏலத்தில் வந்த பணத்தில் முதலில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழிப்போம். மிச்சத்தைத்தான் உரிமையாளரும் தொழிலாளர்களும் பங்கு பிரிப்பது. அப்படியென்றால் வீணாக எரிந்த டீசலின் விலையில் ஒரு பகுதி, தூக்கம் கெட்டு மடி இழுத்தவரின் பங்கிலிருந்தும் போகிறது. மீன்பாடு இல்லாத நாளில் பிரிக்க ஒன்றுமே மிஞ்சாது. வீட்டில் பிள்ளைகள் காத்திருக்கும் மனிதரிடம் "இந்தத் தடவை பங்கு இல்லைப்பா" என்று சொல்ல வேண்டியவன் நான்தான்.

ஆகவே நான் கேட்பது இதுதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகள் கரையேறி நிற்கும்போது, ஒவ்வொரு துறைமுகத்துக்கும் ஒரு படகு வடிவமைப்புப் பொறியாளரை அனுப்புங்கள். படகையும் இன்ஜினையும் அளந்து, பொருத்தமான ப்ரொப்பல்லர் எது என்று எழுதித் தரட்டும். அதை மாற்றும் செலவில் ஒரு பங்கை மானியமாகக் கொடுங்கள்.

கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் 2016-லேயே 'சாகர் ஹரிதா' என்ற 19.75 மீட்டர் எரிபொருள் சிக்கனப் படகைக் கடலில் இறக்கியது. எடையைக் குறைக்க அதன் கேபினை ஃபைபரில் கட்டினார்கள். இத்தனை வருடமாகியும் அந்த வடிவமைப்பு எங்கள் ஊர்ப் படகு ஆசாரியின் கைக்கு வரவில்லை. அரசுப் பணத்தில் செய்த ஆராய்ச்சி அவருக்கில்லாமல் வேறு யாருக்கு?

   

வரிவிலக்கு டீசல் தருகிறீர்கள், அதற்கு நன்றி. ஆனால் பொருந்தாத ப்ரொப்பல்லர் வரிவிலக்கு டீசலையும் வீணாகத்தான் எரிக்கும். அடுத்த தடைக்காலத்துக்குள் பொறியாளரை அனுப்புங்கள், வடிவமைப்பு வரைபடங்களைத் தமிழில் படகு கட்டும் தளங்களுக்குக் கொடுங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு விசைப்படகு உரிமையாளர்