டிரெஸ்ஸாஜுக்கு ஜெர்மன் குதிரைதான் வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

டிரெஸ்ஸாஜ் (சவாரி செய்பவரின் சைகைக்கு ஏற்பக் குதிரை சீராக நடைபோட்டு மதிப்பெண் வாங்கும் போட்டி) குதிரைகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஹனோவேரியன், ஓல்டன்பர்க், டச்சு வார்ம்பிளட் என்று ஐரோப்பாவின் 'வார்ம்பிளட்' வகைக் குதிரை இனங்களை வரிசையாகச் சொல்லிவிட்டு, நம் ஊரில் கிடைக்கும் குதிரைகள் இதற்கு ஆகாது என்று முடித்திருந்தார்கள். கோவைப் பக்கம் 22 ஆண்டுகளாகக் குதிரையேற்றம் கற்றுத்தருகிறேன். அந்தக் கடைசி வரிக்காகத்தான் எழுதுகிறேன்.

உச்சப் போட்டிக்கு வார்ம்பிளட்தான், சரி. முன்பக்கம் தூக்கிய உடற்கட்டும், பின்னங்காலை வயிற்றுக்கு அடியில் கொண்டுவந்து பாரம் தாங்கும் பலமும் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துப் பார்த்து வளர்த்ததால் வந்தவை. 2014இல் 94.3 சதவீத மதிப்பெண் வாங்கி உலக சாதனை படைத்த வலேக்ரோ என்ற குதிரை டச்சு வார்ம்பிளட். டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக் இரண்டிலும் தங்கம் வென்ற டலேரா டிராக்கேனர்; அதுவும் வார்ம்பிளட் இனம்தான். 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் நம் பிள்ளைகள் டிரெஸ்ஸாஜ் அணித் தங்கம் வாங்கியதும் ஐரோப்பாவில் பழகிய குதிரைகளில்தான்.

ஆனால் அந்தத் தங்கத்துக்கு அப்புறம் என்னிடம் வரும் பெற்றோர் முதலில் கேட்பது, "ஜெர்மன் குதிரை என்ன விலை சார்?" பிள்ளைக்கு இன்னும் டிராட் என்ற மிதமான ஓட்டத்தில் உட்காரவே வந்திருக்காது.

என் லாயத்தில் பெரும்பாலும் ரேஸிலிருந்து வந்த தரோபிரெட்கள், அதாவது பந்தயக் குதிரை இனம். கடிவாளத்தை இழுத்தால் அதன்மேலேயே சாய்ந்து இன்னும் வேகமெடுக்கப் பழகியவை. அப்படி ஒரு ஏழு வயதுப் பெட்டை வந்தது. ஆறு மாதம் சும்மா மேயவிட்டேன். அப்புறம் 20 மீட்டர் வட்டத்தில் நட, நில், நட. வேறு எதுவும் இல்லை. நான்காவது மாதம் ஒரு காலையில் என் மாணவி கடிவாளத்தைத் தளர்த்தினாள். குதிரை ஓடவில்லை. கழுத்தைக் கீழே நீட்டி, வாயை மென்றுகொண்டே ஒரு பெருமூச்சு விட்டது. உதட்டோரம் வெள்ளை நுரை. விறைத்தே இருந்த முதுகு அன்றைக்குத்தான் இளகி அசைந்தது. "சார், இப்ப உட்கார முடியுது!" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் அமெரிக்க டிரெஸ்ஸாஜ் அணி வெண்கலம் வென்றபோது அதில் ஆடிய கீன் என்ற குதிரை ஒரு தரோபிரெட். ஹனோவேரியன் ரத்தத்திலேயே தரோபிரெட் கலந்துதான் இருக்கிறது.

மார்வாரி, கத்தியவாரி என்ற நம் நாட்டு இனங்களில் சிக்கல் வேறு. அவற்றின் ரேவால் நடை நெடுந்தூரச் சவாரிக்கு அவ்வளவு சொகுசு, ஆனால் அதில் நான்கு குளம்பும் தனித்தனியாக விழும். டிரெஸ்ஸாஜில் டிராட் என்றால் குறுக்குக் கால்கள் ஜோடியாக விழ வேண்டும். ரேவால் பழக்காத இளங்குதிரையாக எடுத்தால் தொடக்கநிலைச் சோதனைகளுக்குத் தாராளமாகப் போதும் என்பது என் அனுபவம்.

குதிரை வாங்கப் போகும் பெற்றோருக்காகவும் ஒரு கட்டுரை போடுங்கள். இனத்தைக் கேட்பதற்கு முன்னால், ஒருவரை ஏறி நடத்தி நிறுத்தச் சொல்லட்டும். கடிவாளத்தைத் தளர்த்தினால் அது என்ன செய்கிறது என்று பக்கத்தில் நின்று பார்க்கட்டும்.

இப்படிக்கு,
குதிரையேற்றப் பயிற்சியாளர், கோவை