நடுச்சாமத்தில கறி

கல்லடி,
மட்டக்களப்பு.
28.12.2024

அன்பு மச்சான்,

உன்ட கடிதம் வந்து ரெண்டு கிழமையாகுது. கார்த்திகை வெள்ளம் வடிஞ்சு, வளவுக்குள்ள வந்து கிடந்த குப்பையெல்லாம் அள்ளிக் கொட்டி இண்டைக்குத்தான் பேனையைத் தொட்டன். இந்த வருசம் விளையாட்டில என்னத்தப் பார்த்தாய் எண்டு கேட்டிருந்தாய். பென்சன் எடுத்த மனிசன், எல்லாத்தையும் பார்த்தன். மனசில நிக்கிறது என்னமோ ஆவணி மாதம் ஒலிம்பிக் பார்க்க நித்திரை முழிச்ச ராவுகள்தான்.

8ஆந் திகதி பன்னிரண்டு மணிக்குக் கிட்ட பாரிஸில ஈட்டி எறிதல் துவங்கினது. பாகிஸ்தான் பொடியன் அர்ஷத் நதீம் ரெண்டாவது எறியிலயே 92.97 மீற்றர், ஒலிம்பிக் சாதனை. நம்மட நீரஜ் சோப்ரா 89.45. அவனுக்கு அந்த ஒரு எறிதான் சரி வந்தது, மற்ற அஞ்சும் பிழை. நதீம் ஒரு மேசன்ட மகனாம். மாமனார் அவனுக்கு எருமை ஒண்டு பரிசாக் குடுத்திருக்கார், இவன் அஞ்சாறு ஏக்கர் காணி தந்திருக்கலாமே எண்டு பகிடி விட்டிருக்கான். எருமைதான் திறம் எண்டு என்ட மனிசி சொல்றா. சட்டித் தயிர் இப்ப விக்கிற விலைக்கு அவ சொல்றது ஞாயம்தான்.

அது முடிய முந்தியே 12.30க்கு கூடைப்பந்து அரையிறுதி, அமெரிக்காவும் செர்பியாவும். ரெண்டையும் மாத்தி மாத்திப் பார்த்தன். செர்பியா ஒரு கட்டத்தில 17 புள்ளி முன்னுக்கு. நான் செர்பியா பக்கம். தோக்கிற பக்கத்தத் தேடிப் பிடிக்கிறது என்ட பழைய வியாதி, உனக்குத் தெரியும். மறுகா எழும்பினான் அமெரிக்காட ஸ்டீபன் கரி. தனிய 36 புள்ளி. 95க்கு 91 எண்டு அமெரிக்கா வெண்டிற்று.

இறுதியாட்டம் பிரான்சோட, நமக்கு 11ஆந் திகதி விடியச்சாமம் ஒரு மணிக்கு. பிரான்ஸ் கிட்டக்கிட்ட வந்து மூச்சு வாங்க வைக்கக்குள்ள, கடைசி மூண்டு நிமிசத்துக்குள்ள கரி தூரத்தில நிண்டு நாலு பந்து போட்டான். நாலும் மூண்டு புள்ளி. கடைசிப் பந்து, ரெண்டு பேர் கையைத் தூக்கி மறிக்க அதுக்கு மேலால போய் விழுந்தது. 98க்கு 87. நான் கத்தின சத்தத்தில மனிசி எழும்பி வந்து, "நடுச்சாமத்தில என்ன கறி கறி எண்டு கத்துறீங்க, சட்டிக்க மீன் கிடக்குத்தானே" எண்டா. கிறுகிப் பார்த்தா பேரப்பிள்ளையும் எழும்பி நிக்கான்.

அதுக்கு நாலாம் நாள் ஆவணி 15. ஹேபியர் பாதர் வாழைச்சேனையில இருந்து டவுனுக்கு எண்டு வெளிக்கிட்டு வந்து சேராமப் போய் 34 வருசம். அமெரிக்காவில லூசியானாவில பிறந்த மனிசன், இஞ்ச வந்து மைக்கல் கல்லூரியில பொடியன்மாருக்குக் கூடைப்பந்து பழக்கினார். அண்டைக்குப் பின்னேரம் கோர்ட் பக்கம் போய்ச் சும்மா நிண்டிட்டு வந்தன்.

இலங்கையில இருந்து பாரிசுக்குப் போனது ஆறு பேர், பதக்கம் இல்ல. 1948இல டங்கன் வைற், 2000இல சுசந்திகா, அதோட நம்மட கணக்கு நிக்குது. இந்த வருசம் சென் லூசியாப் பிள்ளை ஜூலியன் அல்பிரட் 100 மீற்றரை 10.72 செக்கனில ஓடித் தங்கம் எடுத்தாள். அந்த நாட்டுக்கே அதுதான் முதல் பதக்கம். நம்மட மாவட்டத்தில அரைவாசிச் சனம் கூட இல்லாத தீவு மச்சான். வெறுங்காலோட, பள்ளிக்கூட உடுப்போட ஓடிப் பழகினதா அவளே சொன்னாள். நம்மட படுவான்கரையிலயும் பிள்ளைகள் அப்பிடித்தான் ஓடுதுகள், ஆனா அதுக்கங்கால அதுகளக் கூட்டிப் போக ஆள் இல்ல. பராலிம்பிக்கில டுலான் கொடித்துவக்கு ஈட்டி எறிஞ்சு வெள்ளி எடுத்தத இஞ்ச பாதிப் பேருக்குத் தெரியாது.

கிரிக்கெட்ட விடு. உலகக் கிண்ணத்தில நம்மட ஆக்கள் நியூயோர்க்கில 77க்குச் சுருண்ட அண்டு ரீவியை நிப்பாட்டினவன், தம்புள்ளையில சமரி அத்தபத்துட பொம்பிளை அணி இந்தியாவை 8 விக்கெட்டால அடிச்சு ஆசியக் கிண்ணம் எடுக்கக்குள்ளதான் திரும்பப் போட்டன். பந்தாட்டத்தில ஸ்பெயின் ஐரோப்பாக் கிண்ணம் எடுத்தது உனக்குத் தெரியும். இந்த மாதம் சென்னைப் பொடியன் குகேஷ் 18 வயசில உலக செஸ் சம்பியன். எனக்குச் செஸ் விளங்காது, ஆனா வெண்ட உடன அவன் அழுதத ரெண்டு தரம் போட்டுப் பார்த்தன்.

இப்ப உன்ட விசயத்துக்கு வாறன். மூண்டு புள்ளிக் கோடு உலக ஆட்டத்துக்கு வந்தது 1984இல. நாம விளையாடின காலத்தில எவ்வளவு தூரத்தில நிண்டு போட்டாலும் ரெண்டுதான். 1979இல ஒரு புள்ளியால தோத்தமே, அதில நீ மூலையில நிண்டு போட்டது அஞ்சு பந்து. கரியைப் பார்த்த அண்டு ராவு படுத்துக்கிடந்து எண்ணினன். மற்றப் பக்கத்தில தூரத்தில இருந்து போட ஆள் இல்ல, எனக்கு நல்ல ஞாபகம்.

நாம நாலு புள்ளியால வெண்டிருக்கிறம் மச்சான். வீட்டில சொல்லு.

அன்புடன்,
உன்ட பழைய ஆறாம் நம்பர்