மானிடவியல் படித்த பிள்ளை வீட்டில் கேள்வி கேட்கும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கலைப்பீடங்களில் சந்தைக்கு உதவாத பாடங்களைக் குறைத்துவிட வேண்டும் என்று உங்கள் பத்திரிகையில் அண்மையில் ஒரு கட்டுரை வந்திருந்தது. உதவாதவற்றின் வரிசையில், மனிதர்களின் வாழ்க்கை முறைகளையும் வழக்கங்களையும் ஆராயும் மானிடவியலுக்கு முதலிடம் கொடுத்திருந்தார் கட்டுரையாளர். உயர்தரப் பெறுபேறும் பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளியும் வீட்டுக்கு வீடு பேச்சாக இருக்கும் காலத்தில் அதை வாசித்த பெற்றோர் பலர் தலையாட்டியிருப்பார்கள். எனக்கு ஆட்ட மனம் வரவில்லை.

வேலைப் பேச்சை முதலில் முடித்துவிடுகிறேன். மானிடவியலாளர் தேவை என்று வர்த்தமானியில் விளம்பரம் வருவதில்லை; அது உண்மை. அரசறிவியலாளர் தேவை என்றும்தான் வருவதில்லை. ஆனால் அந்தப் பாடத்தை யாரும் இப்படி விரட்டவில்லை. கலைப்பட்டதாரிகள் எதைப் படித்தாலும் ஆசிரியராகவோ அபிவிருத்தி உத்தியோகத்தராகவோ போய்ச் சேர்வதைத்தான் நாங்கள் கண்டுவருகிறோம். அப்படிப் போகிற பிள்ளை மனிதர்களைப் பார்க்கப் பழகிப் போனால் யாருக்கு நட்டம்?

2014 இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது, இறந்தவரைத் தொட்டுக் குளிப்பாட்டி அடக்கம் செய்யும் வழக்கத்தாலும் நோய் தொற்றியது. சுகாதாரக் குழுக்கள் உடல்களைப் பையில் கட்டிக் கொண்டுபோகத் தொடங்கியதும் சனங்கள் நோயாளிகளை ஒளித்துவைத்தார்கள். அந்த நேரத்தில் சுகாதார அதிகாரிகள் மானிடவியலாளரின் உதவியை நாடினார்கள். குடும்பத்தார் எதை விட்டுக்கொடுப்பார்கள், எதை ஒருபோதும் விடமாட்டார்கள் என்பதைக் கேட்டறிந்த பிறகே பாதுகாப்பும் மரியாதையும் சேர்ந்த அடக்க முறை உருவானது. நம் இலங்கையிலோ 2020 இல் கொரோனாவால் இறந்த முஸ்லிம்களின் உடல்களையும் கட்டாயமாக எரித்தோம். அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும் 2021 பெப்ரவரி வரை அது மாறவில்லை. மானிடவியலால் என்ன பயன் என்று கேட்பவர்கள் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

ஆனால் யாழ்ப்பாணத்தில் இந்தப் பாடத்தை வேண்டாம் என்பதற்கு வேலையின்மை வெளிக்காரணம் மட்டுமே என்பது என் சந்தேகம். இதைப் படிக்கிற பிள்ளை மூன்றாம் தவணைக்குள் வீட்டுக்கு வந்து கேள்வி கேட்கத் தொடங்கிவிடும். அதுதான் நமக்குப் பிடிப்பதில்லை.

யாழ்ப்பாணத் தமிழரின் சொத்துரிமை வழக்காற்றுச் சட்டமான தேசவழமையை எடுத்துக்கொள்ளுங்கள். நான் பெண் என்பதால் இதைச் சற்று நீட்டிச் சொல்கிறேன். 1707 இல் ஒல்லாந்தர் காலத்தில் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி யாழ்ப்பாணத்து வழக்கங்களைத் திரட்டி எழுதினார். எழுதியது சரிதானா என்று பார்க்க அது உள்ளூர்த் தலைவர்களான பன்னிரண்டு முதலிமாரிடம் கொடுக்கப்பட்டது. முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடியதேட்டம் (மண வாழ்வில் தேடிய சொத்து) என்று நாம் இன்றைக்கும் உறுதி முடிக்கும்போது பேசுவதெல்லாம் அந்த ஏட்டின் வழியாக வந்தவை. வரலாற்று மாணவி ஆண்டைக் குறித்துக்கொள்வாள். சட்ட மாணவி பிரிவுகளை மனப்பாடம் செய்வாள். மானிடவியல் மாணவி முதலில் கேட்க வேண்டியது, இதைச் சரியென்று சொன்னது யார் என்பதை. பன்னிரண்டு பேர், எல்லோரும் ஆண்கள், எல்லோரும் பதவியில் இருந்தவர்கள். கடற்கரையில் வலை இழுத்தவனிடமோ சீதனக் காணியோடு கலியாணம் கட்டிப் போனவளிடமோ யாராவது கேட்டிருந்தால் ஏடு எப்படி இருந்திருக்கும்? தேசவழமைக்கு உட்பட்ட ஒரு மனைவி தன் பெயரிலுள்ள காணியை விற்க இன்றும் கணவனின் சம்மதம் வேண்டும். அதனால் இது பழங்கதை இல்லை.

அடுத்தது சாதி. மைக்கல் பாங்ஸ் என்ற ஆங்கிலேயர் யாழ்ப்பாணத்துச் சாதியமைப்பைப் பற்றி எழுதிய கட்டுரை 1960 இல் வெளியானது. பிரையன் பஃபென்பெர்கர் என்ற அமெரிக்கர் அதே பொருளில் எழுதிய நூல் 1982 இல் வந்தது. இருவரும் நம் ஊர்களில் இருந்து, நம் கிணற்றையும் கோயிலையும் பார்த்து எழுதியவர்கள். நம் பிள்ளைகளோ 1957 இல், சாதியைக் காட்டி ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்ததையும், 1968 இல் ஒடுக்கப்பட்ட சாதியினரை உள்ளே விடக் கோரி மாவிட்டபுரம் கோயில் வாசலில் நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டத்தையும் அறியாமல் பட்டம் வாங்கிவிடலாம். "இப்போது யார் சாதி பார்க்கிறார்கள்?" என்று சொல்லும் வீட்டில் சம்பந்தம் பேசும் நாளில் உட்கார்ந்து பார்த்தால் போதும், பாதிப் பாடம் முடிந்துவிடும்.

பாடத்தைத் தாங்கிப் பேசுவதால் அது கற்பிக்கப்படும் விதத்தையும் தாங்குகிறேன் என்று எண்ண வேண்டாம். என் பார்வைக்கு வந்த சில இறுதியாண்டு ஆய்வேடுகள் ஏமாற்றம் தந்தன. ஒரு வினாக்கொத்து, ஐம்பது பேரின் பதில், நாலு வட்ட வரைபடம், முடிவில் விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும் என்று ஒரு பரிந்துரை. அதில் ஓர் ஆளின் குரலும் கேட்கவில்லை. இந்தப் படிப்புக்கு உயிர் கள ஆய்வு. ஒரு குறிச்சியில் மாதக்கணக்காகப் போய்வந்து, செத்தவீட்டிலும் சாமத்தியவீட்டிலும் மூலையில் இருந்து, கேட்டதை அன்றிரவே எழுதிவைக்க வேண்டும். இலங்கைத் தமிழரான ஸ்டான்லி தம்பையா, பின்னாளில் ஹார்வர்டில் பேராசிரியராக இருந்தவர், 1956 இல் கிழக்கிலுள்ள கல்லோயாக் குடியேற்றத் திட்டத்துக்கு மாணவர்களை அழைத்துப்போய்க் கள ஆய்வு நடத்தினார். அங்கே இருக்கும்போதுதான் இனக்கலவரம் வெடித்தது. அவர் பிறகு தாய்லாந்தில் ஆய்வுசெய்து பெயர் பெற்றாலும், 1983 இற்குப் பின் நம் நாட்டு வன்முறையைப் பற்றி எழுதத் திரும்பினார்.

இங்கே களத்துக்குக் கடல் கடக்க வேண்டியதில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமம் வடக்கிலிருந்து 1990 இல் போரால் இடம்பெயர்ந்தவர்களின் முகாம்களில் பிறந்த பிள்ளைகள் தம் ஊரைப் பாட்டியின் வாயால் மட்டுமே அறிந்து வளர்ந்தார்கள். 2017 இல் அங்குள்ள மயிலிட்டித் துறைமுகம் இராணுவத்தின் பிடியிலிருந்து விடுவிக்கப்பட்டபோது, கேட்ட ஊரும் கண்ட ஊரும் அவர்களுக்கு ஒன்றாக இருந்தனவா? அதே 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் திரும்பி வந்தபோது அயலவர்கள் எப்படிப் பழகினார்கள்? கனடாவில் இருக்கும் மகன் காணொளி அழைப்பில் கொள்ளிவைப்பதைப் பார்த்திருக்கும்போது ஐயரும் உறவினரும் சடங்கில் எதை மாற்றுகிறார்கள்? இவற்றைக் கேட்க வெளிநாட்டுக்காரர் மறுபடி வரும் வரை காத்திருக்க வேண்டுமா?

உங்களிடம் ஒரு வேண்டுகோள். நல்ல ஆய்வேடுகள் எழுதப்படாமல் இல்லை. அவை நூலக அலுமாரியில் கிடக்கின்றன. மாதத்துக்கு ஒருமுறை அரைப் பக்கம் ஒதுக்கி, மாணவர்களின் களக் குறிப்புகளைச் சுருக்கி வெளியிடுங்கள். ஆட்களின் பெயரையும் குறிச்சியையும் மறைத்துத்தான்; அந்த ஒழுக்கமும் அவர்களுக்குக் கற்பிக்கப்படுவதே. முதல் இதழுக்குப் பிறகு கோபக் கடிதங்கள் வரும். அவற்றையும் போடுங்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
கோண்டாவில்