சுடரில் காட்டினால் அட்டிகை என்ன ஆகும்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் இதழ் வந்ததும் முதலில் யார் கைக்குப் போவது என்று எனக்கும் என் மனைவிக்கும் நடக்கிற போட்டி, உங்கள் சரித்திரத் தொடரில் அந்தக் கெம்பு அட்டிகைக்காக நடக்கிற போட்டிக்குக் குறைந்ததில்லை. திருமலை நாயக்கர் காலத்து மதுரையில் நாயகனும் நாயகியும் மாறி மாறி நகையைத் திருடுவதும், திருடியதைத் திருப்பி வைக்க வந்து மாட்டிக்கொள்வதும் படிக்கச் சுகமாக இருக்கிறது. சரித்திரத்தை வைத்துச் சிரிப்புக் காட்டலாமா என்று போன இதழில் ஒரு வாசகர் கோபப்பட்டிருந்தார். தாராளமாகக் காட்டலாம். தங்கை கல்யாணத்துக்கு நேரத்துக்கு வந்து சேராத அண்ணனை வருஷா வருஷம் ஆற்றில் இறக்கிக் கொண்டாடுகிற ஊர் இது.

எனக்குக் குறை வேறு. இரண்டு வீட்டாரையும் பங்காளிகள் என்று கதாசிரியர் மூன்றாம் அத்தியாயத்தில் போட்டுவிட்டார். அப்படியானால் அவள் இவனுக்குத் தங்கை முறை அல்லவா? என் மனைவிதான் முதலில் கண்டுபிடித்து, "ஐயையே!" என்றாள். நகைக்குச் சொந்தக்காரக் கிழவியை இவனுக்கு அப்பாவைப் பெற்ற பாட்டியாகவும் அவளுக்கு அம்மாவைப் பெற்ற பாட்டியாகவும் மாற்றிவிட்டால் அத்தை மகள் ஆகிவிடுவாள். சண்டையும் இருக்கும், கல்யாணமும் நடக்கும்.

அப்புறம், குதிரை வெளி வீதியில் பறக்கிறது. அன்றைக்கு அந்த இடத்தில் இருந்தது கோட்டையும் அகழியும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கலெக்டர் பிளாக்பர்ன் மதிலை இடித்து அகழியைத் தூர்த்த பிறகு வந்த வீதி அது. குதிரையை மாசி வீதிப் பக்கம் திருப்பிவிடுங்கள், போதும்.

இதெல்லாம் சரி, நகை விஷயத்தில்தான் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அப்பா தெற்கு ஆவணி மூல வீதிப் பக்கம் பட்டறை வைத்திருந்தவர். நாயகன் அட்டிகையின் பின்பக்க எழுத்தைப் படிக்க அதை விளக்குச் சுடரில் காட்டுகிறான். அந்தக் காலத்துக் கல் அட்டிகை முழுக்கக் கெட்டித் தங்கம் கிடையாது. தகட்டில் கூடு கட்டி, உள்ளே அரக்கு நிரப்பி, மேலே கல்லைப் பதித்து, ஓரத்தில் தங்கத்தை அழுத்துவார்கள். சுடரில் காட்டினால் அரக்கு இளகி, கெம்பு ஒவ்வொன்றாக உதிரும். உதிரட்டுமே! இருட்டில் இரண்டு பேரும் தரையில் தவழ்ந்து கல் பொறுக்கட்டும். எங்கேயாவது ஒரு கல்லில் இரண்டு கையும் சேர்ந்துதானே ஆகவேண்டும்?

நாற்பது பவுன் என்கிறான் வில்லன். பவுன் வெள்ளைக்காரன் காசோடு வந்த கணக்கு. வராகன் எடை என்று போடலாம். நகை அசலா என்று அவள் பல்லால் கடித்துப் பார்ப்பதும் வேண்டாம். உரைகல் எதற்கு இருக்கிறது? அப்பா நகையைக் கல்லில் ஒரு இழுப்பு இழுத்து, கோட்டைப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார் என்றால் எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு வயிற்றைக் கலக்கும்.

எங்கள் வீட்டிலும் ஒரு அட்டிகை இருந்தது. பாட்டி போன பிறகு, "நீதான் எடுத்தே" என்று இரண்டு அத்தைகளும் பதினோரு வருஷம் பேசிக்கொள்ளவில்லை. கடைசியில் தாத்தாவின் டிரங்குப் பெட்டியில், அவருடைய பழைய கோட்டுப் பையில் நாலாக மடித்த அடகுச் சீட்டு கிடைத்தது. பாட்டி இருக்கும்போதே நகை மூழ்கிப் போயிருக்கிறது. அத்தைகள் சீட்டைப் பார்த்து முதலில் அழுதார்கள். பிறகு பெரியத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு ராத்திரி இரண்டு பேரும் ஒரே பாயில் படுத்து விடிய விடியப் பேசினார்கள்.

ஆகவே கதாசிரியரிடம் ஒரு வேண்டுகோள். கடைசி அத்தியாயத்தில் அட்டிகையை வைகையில் போட்டுவிட வேண்டாம். அந்தப் பெண் அதை ஒரு நாளாவது கழுத்தில் போட்டுக்கொள்ளட்டும். இருபது வாரமாகத் துரத்துகிறார்கள், இன்னும் ஒருத்தரும் அதைப் போட்டே பார்க்கவில்லை.

இப்படிக்கு,
பட்டறைக்காரர் மகன்,
மதுரை.