பிள்ளைகளை வாசலில் நிறுத்திவிட்டு உலகப் பட்டம் கேட்கலாமா?

கோலாலம்பூரில் ஸ்னூக்கர், பூல் மையங்களுக்கு உரிமம் வழங்கும் அதிகாரிகளுக்கும், நாட்டில் கியூ விளையாட்டுகளை, அதாவது கியூ என்னும் நீண்ட கோலால் மேசைமேல் பந்தடிக்கும் ஆட்டங்களை, நடத்தும் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

சென்ற மாதம் செந்தூல் வட்டாரத்து மையம் ஒன்றில் நடந்த சோதனை உங்களுக்குத் தெரிந்ததுதான். அன்று மாலை அங்கே படிவம் மூன்று படிக்கும் ஒரு மாணவி பயிற்சி செய்துகொண்டிருந்தாள். பக்கத்து நாற்காலியில் அவள் அப்பா இருந்தார். அடுத்த மேசையில் நான் இருந்தேன். அவளுக்கு 18 வயது ஆகவில்லை என்பதால் மையத்துக்கு அபராதம் விழுந்தது; இனி அவளை அழைத்து வரவேண்டாம் என்று உரிமையாளர் கைகூப்பிக் கேட்டுக்கொண்டார். வந்த அமலாக்க அதிகாரிகள் மரியாதையாகவே நடந்துகொண்டார்கள். அவர்கள் மேல் எனக்குக் குறையில்லை.

ஆனால் அதே வாரம் ஒரு பரிசளிப்பு விழாவில் உங்களில் ஒருவர் மேடையேறி, பிலிப்பைன்ஸ்காரர்களுக்கு இந்த ஆட்டம் ரத்தத்தில் ஊறியது, ஐரோப்பியர்களிடம் பணம் இருக்கிறது, நம் பிள்ளைகளிடம் இரண்டும் இல்லை என்று பேசினார். அதைக் கேட்ட பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

என் கோரிக்கை ஒன்றே ஒன்று. பெற்றோரின் எழுத்துப்பூர்வ அனுமதியோடும் பயிற்சியாளரின் துணையோடும் வரும் 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை, குறிப்பிட்ட நேரங்களில், பூல் மையங்களுக்குள் அனுமதியுங்கள்.

ரத்தத்தில் ஊறியது என்றீர்கள். பிலிப்பைன்ஸின் புகழ்பெற்ற பூல் ஆட்டக்காரர் எஃப்ரென் ரெயெஸ் பிறந்தது 1954இல், பம்பாங்கா மாநிலத்தில். சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே மணிலாவில் பில்லியர்ட்ஸ் கூடம் வைத்திருந்த மாமாவிடம் அனுப்பப்பட்டார். மேசைக்கு உயரம் எட்டாததால் குளிர்பானப் பெட்டிகளை அடுக்கி, அதன்மேல் ஏறி நின்று அடித்தார். இரவில் அந்த மேசையின் மேலேயே படுத்துத் தூங்கினார். 15 பந்துகளையும் எண் வரிசைப்படி அடிக்கவேண்டிய ரொட்டேஷன் ஆட்டத்தில் வளர்ந்தவர் அவர். நேராகத் தெரியாத பந்தை, மேசையின் ரப்பர் விளிம்பான குஷனில் வெள்ளைப் பந்தை மோதவிட்டுத் தொடும் வித்தை அவருக்குச் சிறுவயதிலேயே கைவந்தது. 1994இல் அமெரிக்க ஓப்பன் பூல் பட்டத்தை வென்ற முதல் வெளிநாட்டவர் அவர்தான். 1999இல், ஒன்பது எண் பந்துகளை வைத்து ஆடும் நைன்பால் என்ற பூல் வகையில் உலகப் பட்டமும் பெற்றார். அவருக்குப் பின் அல்கானோ, புஸ்தமாந்தே, 2017இலும் 2025இலும் உலகப் பட்டம் வென்ற கார்லோ பியாடோ என்று பிலிப்பைன்ஸ் ஆட்டக்காரர்களின் வரிசை தொடர்கிறது. இதில் ரத்தம் எங்கே வந்தது? ஒரு சிறுவனை யாரும் வாசலில் தடுக்கவில்லை, அவ்வளவுதான்.

தைவானைப் பாருங்கள். வூ ஜியாசிங் 2005இல் காவ்சியோங் நகரில் உலக நைன்பால் வெற்றியாளரானபோது அவருக்கு வயது 16. உலகத்திலேயே தலைசிறந்த ஆட்டக்காரர் அவர் என்று அறிவிக்கப்பட்ட அன்று அவர் நம் செந்தூலுக்கோ ஜாலான் ஈப்போவுக்கோ வந்திருந்தால், கதவில் ஒட்டிய அறிவிப்பைக் காட்டி வெளியே அனுப்பியிருப்போம். இந்த ஒரு விஷயத்தை நீங்கள் அமர்ந்து யோசித்தால் போதும், மற்றதை நான் எழுதவே தேவையில்லை.

ஐரோப்பாவின் கதை வேறு. பணம் இருக்கிறது, உண்மைதான். அதைவிடப் பெரியது அவர்களின் மன்ற அமைப்பு. ஜெர்மனியில் பூல் மன்றங்கள் லீக் முறையில் மோதுகின்றன. ஐரோப்பிய இளையோர் போட்டிகள் வயதுப் பிரிவுவாரியாக ஆண்டுதோறும் நடக்கின்றன. யூரோ டூர் என்ற ஐரோப்பியத் தொடர் போட்டி 1992 முதல் நடந்துவருகிறது. அங்கே ஒரு பிள்ளை நைன்பாலோடு நிற்பதில்லை. ஸ்ட்ரெய்ட் பூல் என்ற இன்னொரு வகையும் ஆடவேண்டும். அதில் எந்தப் பந்தை எந்தக் குழியில் போடப்போகிறேன் என்று சொல்லிச் சொல்லி நூறு பந்துகளுக்கு மேல் கணக்குப் பிசகாமல் போகவேண்டும். பொறுமை அங்கேதான் பழகுகிறது. ஜெர்மனியின் ஜோஷுவா ஃபில்லர் 21 வயதில், 2018இல், உலகப் பட்டம் வென்றது இப்படி வளர்ந்துதான்.

அமெரிக்காவையும் சொல்லவேண்டும், ஏனென்றால் பலம் நிரந்தரமல்ல என்பதற்கு அவர்களே சாட்சி. அமெரிக்க ஆட்டக்காரர் வில்லி மோஸ்கோனி 1954இல் ஒஹாயோவில், ஸ்ட்ரெய்ட் பூலில், ஒன்றுகூடத் தவறாமல் 526 பந்துகளைக் குழியில் போட்டார். அவர் அப்பாவே பூல் கூடம் நடத்தியவர். மகன் அதில் இறங்கவேண்டாம் என்று பந்துகளைப் பூட்டிவைத்தார். பையன் உருளைக்கிழங்கை உருட்டி, துடைப்பக் கட்டையால் அடித்துப் பழகினான். அப்படி ஒரு பாரம்பரியம் இருந்த நாட்டில், 2002இல் எர்ல் ஸ்டிரிக்லண்ட் உலக நைன்பால் பட்டம் வென்ற பின் அடுத்த அமெரிக்கர் அதை வெல்ல 2022 வரை ஆனது. அவர் ஷேன் வான் போயனிங். மோஸ்கோனியின் பெயரில் அமெரிக்காவும் ஐரோப்பாவும் மோதும் கோப்பையில் 2010 முதல் 2024 வரை அமெரிக்கா வென்றது 2018, 2019 ஆகிய இரண்டு முறைதான். மதுக்கூடத்துச் சின்ன மேசையிலேயே பெரும்பாலோர் நின்றுவிட்டார்கள். பிள்ளைகளை வளர்க்கும் ஏற்பாடு ஐரோப்பாவைப் போல அமையவில்லை. இது என் கணிப்பு. ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கலாம்.

தூரத்து நாடுகளை விடுங்கள். ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் சிங்கப்பூர் நம்மைவிட எவ்வளவு சிறியது! அங்கிருந்து வந்த அலோய்ஷியஸ் யாப் இளையோர் உலகப் பட்டம் பெற்று, 2021 அமெரிக்க ஓப்பன் இறுதியாட்டத்தில் பியாடோவை எதிர்கொண்டார். அமெரிக்காவின் பெருமைமிக்க போட்டி, இறுதியில் நின்ற இருவருமே தென்கிழக்காசியர்கள். நமக்குக் கிழக்கேயும் தெற்கேயும் இருப்பவர்களால் முடிந்தது நடுவில் இருக்கும் நம்மால் ஏன் முடியவில்லை?

அந்த மாணவி இப்போது எப்படிப் பயிற்சி செய்கிறாள் என்று சொல்கிறேன். அடுக்குமாடி வீட்டில் சாப்பாட்டு மேசைமேல் ஒரு காலி பாட்டிலைப் படுக்கவைத்து, அதன் வாய்க்குள் கியூ முனை விளிம்பில் உரசாமல் போய்வரும்படி கையை ஓட்டுகிறாள். கை நேராக ஓடுவதற்கு இது நல்ல பயிற்சி, பழைய ஆட்டக்காரர்கள் எல்லோரும் செய்ததுதான். அவள் கை இன்று என் கையைவிட நேராக ஓடுகிறது. ஆனால் பாட்டிலுக்குக் குஷன் கிடையாது. வெள்ளைப் பந்து மூன்று பக்கம் மோதித் திரும்பி அடுத்த பந்துக்கு எங்கே வந்து நிற்கும், மழைநாளில் துணி ஈரம் இழுத்தால் பந்தின் வேகம் எவ்வளவு குறையும், பிரேக் என்னும் முதல் அடி அடித்ததும் ஒன்றாம் எண் பந்து எந்தப் பக்கம் ஓடும் என்பதையெல்லாம் ஒன்பதடி மேசை மட்டுமே கற்றுத்தரும். தெரிந்தவர் கடை மாடியில் ஒரு பழைய சின்ன மேசை இருக்கிறது. அதன் குஷன் செத்துப்போய்விட்டது, பந்து மோதினால் அங்கேயே படுத்துக்கொள்கிறது. அதில் பழகினால் அவளுக்குத் தவறான கணக்குதான் பதியும், அதனால் வேண்டாம் என்று நானே தடுத்துவிட்டேன். அவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அவள் அப்பாதான், "இந்த வயசுல போற நேரத்தை யாரு சார் திருப்பித் தருவா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருக்கிறதா?

இந்தத் தடை ஏன் வந்தது என்பது எனக்குத் தெரியும். கேளிக்கை மையம் என்ற பெயரில் சூதாட்டம் நடந்த இடங்கள் உண்டு. குண்டர் கும்பல்கள் பிள்ளைகளை வளைத்துப்போட்ட இடங்கள் உண்டு. நம் தமிழ்ப் பிள்ளைகள் எத்தனை பேரை அப்படி இழந்தோம் என்பதை நானும் கண்ணால் பார்த்தவன். அந்தத் தாய்மாரின் பயத்தை ஒருநாளும் லேசாகப் பேசமாட்டேன். பள்ளிச் சீருடையோடு வகுப்பை மட்டம் போட்டுவிட்டு வருபவனைத் துரத்துங்கள், நானே உங்களோடு நிற்கிறேன். ஆனால் அப்பாவோடு வந்து பயிற்சி எடுக்கும் பிள்ளைக்கும் அவனுக்கும் ஒரே சட்டமா? நல்ல இடத்தின் கதவைச் சாத்திவிட்டால், அந்தப் பிள்ளைக்குத் திறந்திருக்கும் அடுத்த கதவு எது என்பதையும் யோசிக்கவேண்டாமா?

பினாங்குப் பெண் நிக்கோல் டேவிட் சிறுமியாக இருக்கும்போதே ஸ்குவாஷ் ராக்கெட் பிடித்தார். 1999இல் இளையோர் உலகப் பட்டம், பிறகு எட்டு முறை உலக வெற்றியாளர். 18 வயது ஆகட்டும், அதுவரை அரங்குக்கு வெளியே நில் என்று அவரிடம் சொல்லியிருந்தால் இன்று நமக்கு அந்தப் பெருமை கிடைத்திருக்குமா? பூப்பந்துக்கு மண்டபம், நீச்சலுக்குக் குளம், புக்கிட் ஜாலிலில் விளையாட்டுப் பள்ளி என்று எல்லாம் செய்திருக்கிறோம். வேண்டியதுதான். 2017இல் இதே கோலாலம்பூரில் சீ என்னும் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டி நடந்தபோது பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கருக்கும் பதக்கம் வைத்தோம். பதக்கம் தரும்போது விளையாட்டு, உரிமம் தரும்போது கேளிக்கை என்றால், ஒரு பிள்ளை எதை நம்பி வளரும்?

கொஞ்சம் கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் மானியம் கேட்கவில்லை, புதிய அரங்கம் கேட்கவில்லை. மது விற்காத, புகை இல்லாத மையங்களுக்கு உரிமத்தில் ஒரு பிரிவைச் சேர்த்து, பள்ளி நாட்களில் மாலை ஏழு மணி வரையும் விடுமுறை நாட்களில் பகலிலும், பெற்றோர் அனுமதியோடும் பதிவுபெற்ற பயிற்சியாளரோடும் வரும் பிள்ளைகளை அனுமதியுங்கள். பயிற்சியாளர் பதிவைக் கியூ விளையாட்டுப் பொறுப்பாளர்கள் பார்த்துக்கொள்ளட்டும். விதியை மீறும் மையத்தின் உரிமத்தை அன்றே பறியுங்கள்.

இதற்காக உங்கள் இரு தரப்பையும் ஒன்றாகச் சந்தித்துப் பேச, பிள்ளைகளின் பெற்றோர்களோடு நேரில் வரத் தயாராக இருக்கிறேன். அடுத்த இளையோர் தேர்வுப் போட்டிக்கு முன் ஒரு தேதி கொடுத்து, எழுத்தில் பதில் அனுப்பும்படி தாழ்மையோடு கேட்டுக்கொள்கிறேன்.

பணிவுடன்,
இளையோருக்குப் பூல் கற்றுத்தரும் ஒருவன்
செந்தூல், கோலாலம்பூர்